வாலில்லாத ஒட்டகம்

அத்தியாயம் 14

செத்துப்போன ஒட்டகத்தை ஒன்றரை வருஷமாக உயிரோடு வைத்துக்கொண்டிருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நம்பாதவர்கள் சாஜிதாவைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வார்த்தை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாஜிதா கோட்டக்குப்பத்துப் பெண். திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை. கணவன் ஃபைசல் ஷார்ஜாவில். ஒரே மகள் பெனாசிர், நாலாம் வகுப்பு. இங்கிலீஷ் மீடியம் என்பதால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஃபைசல் மகளுக்கு முகம் காட்டி நாற்பத்தாறு நாளாகிறது. "ட்யூட்டி ஜாஸ்தி, கேம்ப்ல வீடியோவுக்கு நெட்டு பத்தல" என்று சொல்லி, சாஜிதா அவன் மெசேஜை மட்டும் மாற்றிப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். உண்மை என்னவென்று அவளுக்கும் எனக்கும் உங்களுக்கும் தெரியும். ஃபைசலின் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்பது ஃபைசலின் கட்டளை.

இனி ஒட்டகம்.

சாஜிதா சின்னப் பெண்ணாக இருந்தபோது 'உப்பளத்துக்குக் கீழே' என்று ஒரு கதை ஆறு பாகமாக வந்தது. மரக்காணத்து உப்புப் பாத்தி ஒன்றுக்கு அடியில் படிக்கட்டு இருக்கும். இறங்கினால் ஒரு ராஜ்ஜியம். அங்கே கல்லுப்பன் என்று ஓர் ஒட்டகம், முழு உடம்பும் உப்பு. தண்ணீரைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்கும். அப்படிப்பட்ட ஒட்டகம் நாலாம் பாகத்தின் கடைசியில் இரண்டு பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு கழுவெளி ஏரியில் இறங்கிவிடும். கரை சேரும்போது பிள்ளைகள் மட்டும்தான் இருப்பார்கள்.

அந்தப் பக்கத்தை மகளுக்கு வாசிக்க வேண்டியிருந்த சாயங்காலம், ஃபைசல் லீவு முடிந்து விமானம் ஏறி இரண்டே நாள் ஆகியிருந்தது. பெனாசிர் ஊருக்குப் போன அத்தாவின் தலையணையைக் கட்டிக்கொண்டு கதை கேட்டுக்கொண்டிருந்தாள். சாஜிதாவுக்கு நா எழவில்லை. "கரை வந்துவிட்டது. கல்லுப்பன் திரும்பிப் பார்த்தான். அவனுடைய வால் மட்டும் கரைந்து போயிருந்தது" என்று இல்லாததை வாசித்தாள். பெனாசிர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு பொய்யைச் சொன்னால் போதுமா? அதற்குத் தினம் தீனி போட வேண்டாமா? ஐந்தாம் பாகத்தில் ஒட்டகமே கிடையாது. சாஜிதா பக்கத்துக்குப் பக்கம் அதை நுழைத்தாள். அது பேச வேண்டுமே! வாயில் வந்தது ஃபைசலின் பேச்சு. "ஜல்தி, ஜல்தி! இன்னா பேஜாரு புடிச்ச வெயிலு!" என்று வாலில்லாத ஒட்டகம் ராஜ்ஜியம் முழுக்க அதட்டிக்கொண்டு திரிந்தது. பெனாசிருக்கு உலகத்திலேயே பிடித்த ஆள் அதுதான் என்றாகிவிட்டது.

ஆறாம் பாகம் மட்டும் ஆபத்து. கரைந்துபோன கல்லுப்பனுக்காகப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதுதான் அதில் கதையே. எங்கே என்று ஒட்டகத்தை நுழைப்பது? அதனால் அந்தப் புத்தகமே தொலைந்துவிட்டது என்று சொல்லிவைத்துவிட்டு, ஐந்தாம் பாகத்தையே சாஜிதா தினம் கொஞ்சம் நீட்டிக்கொண்டு போனாள். போன வாரம் விழுப்புரத்திலிருந்து அவளுடைய அண்ணன் பாரூக் ஃபோன் செய்து, "சாஜி, பரண் மேல ஆறாவது புக்கு கெடச்சுடுச்சு!" என்று கத்தியதோடு நிறுத்தியிருந்தேன். சாஜிதாவின் ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. பெனாசிர் பக்கத்தில் இருந்தாள்.

சனிக்கிழமை காலையில் எட்டு மணிக்கே பெனாசிர் செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அம்மா, ஜல்தி! மாமா கடை தெறந்துருப்பாரு."

"இருடி. மொகங்கூடக் கழுவல."

சாஜிதா பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு, அண்ணனுக்கு வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் அனுப்பினாள். அனுப்பியதும் மனசு கொஞ்சம் லேசானது. அண்ணன் சமாளித்துக்கொள்வான் என்று நம்பினாள்.

பாவம், பாரூக்கைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விழுப்புரத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கிறவர். பஞ்சு அடிக்கிற மெஷின் பக்கத்திலேயே இருபது வருஷமாக நின்று காது கொஞ்சம் மந்தம். ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும், அதுவும் முழுச் சத்தத்தில். கை நிறைய வேலை இருந்தால் மெசேஜை மாலைவரைகூடப் பார்க்க மாட்டார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் போய் இறங்கினார்கள். சாஜிதா ஆட்டோக்காரரிடம் மீதி வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பெனாசிர் உள்ளே ஓடிவிட்டாள்.

"வாடி எங் கண்ணு! எங்க உங்கம்மா? காலைலயே ஏதோ வாய்ஸ் போட்டிருந்தா, இன்னும் கேக்கல. இரு, இன்னான்னு பாப்போம்."

தலையெல்லாம் பஞ்சோடு நின்ற பாரூக் ஒரு விரலால் ஃபோனைத் தட்டினார்.

சாஜிதா கடைப்படியில் கால் வைக்கும்போது உள்ளேயிருந்து அவளுடைய குரலே அவளை வரவேற்றது. பின்னால் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வேறு.

"அண்ணே, நான் சாஜி பேசறேன். கல்லுப்பன் செத்துட்டதப் பத்தி பெனாகிட்ட மூச்சு வுட்டுடாத. நாந்தான் அவன உசுரோட வச்சுகினு வர்றேன். அஞ்சாவது புக்கு முழுக்க நானா சேத்து சேத்துப் படிச்சேன். ஆறாவத கரையான் அரிச்சுடுச்சுன்னு சொல்லிடு. கொழந்த தாங்காது, அண்ணே."

பாரூக் ஃபோனைப் பார்த்தார், பெனாசிரைப் பார்த்தார், படியில் நின்ற தங்கையைப் பார்த்தார்.

"யா அல்லாஹ்" என்றார்.

பெனாசிர் அழுவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை. கையை நீட்டினாள்.

"மாமா, நாலாவது புக்கு குடுங்க."

"ஆறாவதுதானடா கேட்ட?"

"நாலாவதும் குடுங்க."

படித்து முடித்த கையோடு நாலாம் பாகத்தைத் திருப்பி அனுப்பியது சாஜிதாதான். பிள்ளை புரட்டிப் பார்த்துவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. இப்போது பாரூக் அதை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெனாசிர் ஒரு புது மெத்தையின் மேல் ஏறி உட்கார்ந்து, கடைசி அத்தியாயத்தைத் தேடிப் பிடித்து, வரிக்கு வரி விரல் வைத்துச் சத்தமாக எழுத்துக்கூட்டினாள்.

"'நாம் ஏன் தா... தாழ்ந்துகொண்டே போகிறோம்?' என்று சிறுவன் கேட்டான். 'இறங்க வேண்டிய இடம் வந்துகொண்டிருக்கிறது' என்றான் கல்லுப்பன். அதன் பிறகு அவன் பேசவில்லை. பிள்ளைகளின் கால் தரையில் பட்டது. திரும்பிப் பார்த்தார்கள். ஏரி மட்டும்தான் இருந்தது. சிறுமி தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்தாள். க... கரித்தது."

அரைப் பக்கத்துக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. பாரூக் மெஷினைப் போடவில்லை. வந்த ஆளைக்கூட அப்புறம் வரச் சொல்லிவிட்டார்.

"இதுல அவன் ஜல்தின்னு சொல்லவே இல்லியே" என்றாள் பெனாசிர்.

சாஜிதா மெத்தை ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். "அது... அத்தா சொல்றதுடி. நான்தான் போட்டேன்."

"பேஜாரு?"

"அதுவும்."

பெனாசிர் புத்தகத்தை மூடிவிட்டாள்.

பாரூக்குக்கு மனசு கேட்கவில்லை. "உங்கம்மா மேல கோச்சுக்காதடா. சின்னப் புள்ளைல இந்தப் பக்கத்தப் படிச்சுட்டு அவ மூணு நாளு சோறு திங்கல. நாலாம் நாளு எங்க அத்தா ஒரு உப்புக் கல்ல எடுத்தாந்து கையில குடுத்து, இதோ இருக்கான்டி உன் ஒட்டகம், இப்ப தின்னுன்னாரு. அப்பறந்தான் தின்னா. உனக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னு பயந்துட்டா."

"நான் சாப்புடுவேன் மாமா" என்றாள் பெனாசிர். சொன்னபடியே மத்தியானம் மாமா வாங்கி வந்த பிரியாணியைத் தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். ஆனால் சாஜிதா கறித்துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தபோது அதைத் திருப்பி அம்மாவின் தட்டிலேயே வைத்தாள். பிள்ளை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வேலை செய்யும் இடத்தில் சாஜிதாவை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. பிரம்மதேசத்திலிருந்து பச்சைமுத்து என்று ஒரு பெரியவர் வருவார். தாலுகா ஆபீஸிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும், "நீயே படிம்மா, நீ படிச்சாத்தான் எனக்கு நம்பிக்க" என்பார். மனு தள்ளுபடி என்று இருந்தால் தள்ளுபடி என்றுதான் படிப்பாள். அப்படிப்பட்டவள் சொந்தப் பிள்ளையிடம் மட்டும் மாட்டிக்கொண்டாள். பிரியம் வந்தால் புத்தி கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது.

மாலை நாலரைக்குத் தாம்பரம் பாசஞ்சர். விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு புத்தகமும் பெனாசிர் மடியில் இருந்தன. இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

"பெனா, அம்மா மேல கோவமா?"

பெனாசிர் மடியில் இருந்த புத்தகங்களை நேராக அடுக்கினாள்.

"தப்புதான்டி. ஒத்துக்கறேன். உங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்."

பெனாசிர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அம்மா, அத்தா மெசேஜும் நீதான படிச்சுக் காட்டற?"

சாஜிதா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"ஆமா. அதுக்கென்னா இப்ப?"

"அத்தா உசுரோட இருக்காரா?"

"அடியே! என்னா பேச்சுடி இது!" சாஜிதா கத்தியதில் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நொடியே அவள் மகளின் கையைக் கவனித்தாள். புத்தகத்தைப் பிடித்திருந்த விரல்கள் அட்டையின் ஓரத்தைக் கசக்கியிருந்தன. பிள்ளை கேட்டது குறும்புக்கு இல்லை. காலையிலிருந்து, அந்தப் பிரியாணியைச் சாப்பிடும்போதுகூட, இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நாப்பத்தாறு நாளு மூஞ்சி காட்டல. வாய்ஸும் வரல. நீதான் படிக்கற. கல்லுப்பனையும் நீ இப்படித்தான் வச்சிருந்த" என்றாள் பெனாசிர். குரல் உடைந்துவிட்டது.

சாஜிதா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை. கால் தரையில் இழுபட்டது. "இல்லடி தங்கம், இருக்காருடி, உங்க அத்தா நல்லா இருக்காருடி" என்று சொல்லச் சொல்ல, தன் வார்த்தைக்கு இந்தப் பிள்ளையிடம் இனி மதிப்பில்லை என்பது அவளுக்கே புரிந்தது.

ஃபைசலுக்கு வீடியோ கால் போட்டாள். அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அவன் எடுக்கவில்லை.

"பாத்தியா?" என்றாள் பெனாசிர்.

பிளாட்பாரத்தில் வண்டி வந்து நின்றது. கூட்டத்தோடு ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தார்கள். வண்டி நகர்ந்ததும் சாஜிதா ஒரு முடிவுக்கு வந்தாள். ஃபைசல் கோபித்துக்கொள்வான். கொள்ளட்டும். ஃபோனைத் திறந்து, ஃபைசலின் மெசேஜ்களை எடுத்து, மகளின் கையில் கொடுத்தாள்.

"நீயே படி. நான் வாயத் தொறக்கல."

ஃபைசல் தமிழ் மீடியத்தில் படித்தவன். மெசேஜும் தமிழில்தான் அடிப்பான். பெனாசிர் விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். முண்டியம்பாக்கம் போனது. விக்கிரவாண்டி போனது. வேர்க்கடலை விற்கிறவர் 'மல்லாட்டை, மல்லாட்டை' என்று கூவிக்கொண்டு வந்து, இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் தாண்டிப் போனார்.

"கம்பெனிய மூ...டிட்டாங்க. வேற வேல தேடிக்கினு இருக்கேன். பெனாகிட்ட சொல்லாத."

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். சாஜிதா தலையை மட்டும் ஆட்டினாள்.

"வீடியோல கூப்புடாத சாஜி. பெனா மூஞ்சியப் பாத்தா அழுதுடுவேன். அவ எதிர்ல நான் அழுவக் கூடாது. ஒட்டகம் எங்க போயிருக்குன்னு மட்டும் தெனம் எனக்கு எழுது. அதப் படிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

அந்த வரியைப் பெனாசிர் இரண்டு தரம் படித்தாள்.

"அத்தாவுக்கும் நீ கத சொன்னியா?"

"ம். உனக்குப் படிச்சுட்டு அவருக்கு எழுதுவேன்."

"கல்லுப்பன் செத்தது அத்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

பெனாசிர் இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவைக் கேட்காமலேயே மைக்கை அழுத்தி ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அத்தா, நான் பெனா. மெசேஜெல்லாம் நானே படிச்சுட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல. அத்தா, கல்லுப்பன் நெஜமா செத்துட்டான். நாலாவது புக்குலயே செத்துட்டான். அம்மா நமக்கு மாத்தி மாத்திச் சொல்லிக்கினு இருந்துச்சு. நீங்க அழணும்னா அழுங்க, நான் சிரிக்க மாட்டேன். மூஞ்சி காட்ட வேணாம். ஆறாவது புக்க நான் படிச்சு வாய்ஸ் போடறேன். லேட்டாத்தான் படிப்பேன், நீங்க ஜல்தின்னு சொல்லக் கூடாது. நீங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க அத்தா."

விரலை எடுத்தாள். வாய்ஸ் போய்ச் சேர்ந்தது.

சாஜிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர் சீட்டில் இருந்த அம்மாள் என்ன ஏது என்று தெரியாமலேயே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பேரணியில் வண்டி நின்று புறப்பட்டது. இரண்டு டிக்கும் நீலமானது. கேட்டுவிட்டான். ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது. பெனாசிர் மூச்சுக்கூட விடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது நிமிஷம் பதில் வந்தது. வாய்ஸ். நாற்பத்தாறு நாளில் முதல் வாய்ஸ்.

வெளியே வயல். வண்டியில் சத்தம் அதிகமில்லை. தாயும் மகளும் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கேட்டார்கள்.

முதலில் மூச்சு மட்டும் வந்தது. அழுகிறானா சிரிக்கிறானா என்று சொல்ல முடியாத மூச்சு.

"பெனா... எங் கண்ணு... அத்தா இருக்கேன்டா. நல்லா இருக்கேன். நீ படிச்சு அனுப்புடா, எவ்ளோ லேட்டானாலும் அத்தா கேக்கறேன். ஒட்டகம் போனா போவுது, நீ அழுவாத. சாஜி, நீயும் அழுவாத. நான்..."

பெனாசிரின் முகம் அப்படியே மலர்ந்தது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இருக்காரு! அம்மா, இருக்காரு!" சாஜிதா அவள் தலையெல்லாம் முத்தமிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் வாய்ஸின் மிச்சத்தை இருவருமே கேட்கவில்லை.

"இன்னொரு தரம் போடறேன்" என்றாள் பெனாசிர்.

இந்தத் தடவை கடைசிவரை கேட்டார்கள். "நான்..." என்று ஃபைசல் நிறுத்திய இடத்தில், அவனுக்குப் பின்னால் ஒரு மணி ஓசை மூன்று தரம் ஒலித்தது. அதைத் தொடர்ந்து ஒரு பெண் குரல். எந்திரத்தனமான, எல்லாருக்கும் பழக்கப்பட்ட குரல்.

'பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வண்டி எண் ஒன்று, இரண்டு...'

அதோடு வாய்ஸ் அறுந்தது.

பெனாசிர் புருவத்தைச் சுருக்கினாள். ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். ஸ்டேஷன் எதுவும் இல்லை, கரும்புத் தோட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மயிலம் இன்னும் வரவில்லை.

"அம்மா, ஷார்ஜால தமிழ்லயா ட்ரெயின் வுடறாங்க?"

சாஜிதாவின் வாயில் மூன்று பதில் தயாராக வந்து நின்றது. பக்கத்தில் யாரோ டிவி வைத்திருப்பார்கள். ரூமில் யாராவது வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். எவனாவது ரிங்டோன் வைத்திருப்பான். மூன்றும் நல்ல பதில்கள். பிள்ளை நம்பினாலும் நம்பியிருப்பாள்.

நாற்பத்தாறு நாளாக அந்த மெசேஜ்களை மாற்றி மாற்றிப் படித்தவள், அவை தன்னிடம் வருவதற்கு முன்பே, ஃபைசலின் கையிலேயே மாறியிருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"அம்மா, அத்தா எங்க இருக்காரு?"

"தெரியலடி" என்றாள் சாஜிதா. "சத்தியமா எனக்குத் தெரியல."

பெனாசிர் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக, அம்மா சொன்னதை நம்பினாள்.